விசையுந்து இயங்கத் தொடங்காமை

விசையுந்து இயங்கத் தொடங்காமை என்பது, விசையுந்தின் பொறியைத் தொடக்க முயலும்போது அது சுழலாமல் இருப்பதையோ, சுழன்றும் தானாக இயங்கும் நிலையை அடையாமல் இருப்பதையோ குறிக்கும். பேச்சு வழக்கில் இது "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" எனப்படுகிறது. இது தனியொரு பழுது அன்று. பல வேறு பழுதுகளின் பொதுவான அறிகுறி ஆகும். அணைக்கப்பட்ட நிறுத்து சொடுக்கி போன்ற சிறு கவனக்குறைவு முதல் வளைந்த வால்வு போன்ற பெரும் சேதம் வரை எதுவும் இதற்குக் காரணமாகலாம்.

காரணம் எதுவாயினும், அது பொறியின் நான்கு அடிப்படைத் தேவைகளுள் ஒன்று கிடைக்காமல் போவதிலேயே முடிகிறது. எனவே எந்தத் தேவை கிடைக்கவில்லை என்பதை முதலில் அறிந்து, அதன் பிறகே பாகங்களைக் கழற்றுவதும் மாற்றுவதும் முறையாகும். இவ்வரிசை பின்பற்றப்படாதபோது நல்ல பாகங்கள் வீணாக மாற்றப்படுகின்றன. சில சூழ்நிலைகளில், குறிப்பாக நீரில் மூழ்கிய வண்டிகளில், மீண்டும் மீண்டும் தொடக்க முயல்வதே பொறியை அழித்துவிடுகிறது.

இக்கட்டுரை இந்தியாவில் பெருவழக்கான ஒற்றை உருளை பெட்ரோல் விசையுந்துகளை முதன்மையாகக் கொண்டது.

அடிப்படைத் தேவைகள்

பெட்ரோலில் இயங்கும் உள் எரி பொறி ஒன்று தொடங்குவதற்குப் பின்வரும் நான்கும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்.

* சுழற்சி: பொறியின் வணரித்தண்டு போதிய வேகத்தில் சுழற்றப்பட வேண்டும். இது மிதிதொடக்கியால் (கிக்கர்) அல்லது மின்தொடக்கியால் (செல்ஃப்) நிகழ்கிறது.
* எரிபொருள் கலவை: காற்றும் பெட்ரோலும் ஏற்ற விகிதத்தில் உருளைக்குள் செல்ல வேண்டும். முழுமையான எரிதலுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று, எடை அளவில், தேவைப்படுகிறது. குளிர்ந்த பொறியில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடுவதால் இதைவிடச் செறிவான கலவை வேண்டும்.
* அமுக்கம்: பிஸ்டன் மேலேறும்போது கலவை இறுக்கப்பட வேண்டும். பணிமனைகளில் இது "கம்ப்ரஷன்" எனப்படுகிறது.
* தீப்பொறி: அமுக்க வீச்சின் முடிவை ஒட்டி, சரியான தருணத்தில், பிளக்கின் முனைகளுக்கு இடையே வலுவான தீப்பொறி பாய வேண்டும்.

இவற்றோடு, எரிந்த வளிமம் வெளியேற வழியும் வேண்டும். நெடுநாள் நிறுத்தப்பட்ட வண்டிகளின் புகைக்குழாயில் குளவி கூடு கட்டுவதும், காற்று வடிகட்டிப் பெட்டியில் எலி துணிகளையும் தாள்களையும் சேர்த்து வைப்பதும் உண்டு. காற்று உள்ளே வர முடியாவிட்டாலும் வெளியே போக முடியாவிட்டாலும் பொறி தொடங்காது.

தொடக்கும் முறைகளின் மாற்றம்

ஒரு வண்டியில் என்ன பழுது நேரலாம் என்பது அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இந்திய விசையுந்துகளைப் பழுதறிதல் நோக்கில் மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம்.

* பாயிண்ட் முறை: பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட், ராஜ்தூத் போன்றவற்றில் தீப்பொறியின் தருணத்தை "பாயிண்ட்" எனப்படும் தொடுமுனைகள் திறந்து மூடித் தீர்மானித்தன. தொடுமுனைகள் தேய்வதும் கருகுவதும் இவற்றில் அடிக்கடி நேரும் பழுதுகள்.
* மின்னணு எரிபற்றல் முறை: 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 முதலிய வண்டிகளின் காலத்தில் சி.டி.ஐ. எனப்படும் மின்னணுப் பெட்டி பரவலானது. எரிபொருளைக் கார்புரேட்டரே வழங்கியது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் பேட்டரி முற்றிலும் செயலிழந்தாலும் கிக்கரால் பொறியைத் தொடக்க முடியும்.
* எரிபொருள் உட்செலுத்தல் முறை: இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்ததை அடுத்து, புதிய விசையுந்துகளில் பெரும்பாலானவை எரிபொருள் உட்செலுத்தலுக்கு மாறின. இவற்றில் மின்விசைப் பம்ப், கட்டுப்பாட்டுக் கணினி, உணரிகள் ஆகியவை உள்ளன. போதிய மின்னழுத்தம் இல்லாவிட்டால் இவை செயல்படுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியவை

கருவிகளைத் தொடுவதற்கு முன்னர்ப் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. பணிமனை வரை தள்ளிச் செல்லப்பட்ட வண்டி அங்கே ஒரு சொடுக்கியைத் திருப்பியதும் தொடங்குவது வழக்கமாகக் காணக்கூடியதே.

* நிறுத்து சொடுக்கி: வலது கைப்பிடியருகே உள்ள சிவப்புச் சொடுக்கி அணைந்த நிலையில் இருக்கலாம். நிறுத்தி வைத்த வண்டியில் குழந்தைகள் விளையாடும்போது இது மாறிவிடுவதுண்டு.
* பெட்ரோல்: தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டியை அசைத்து, கண்ணால் பார்க்க வேண்டும். அளவுமானி பழுதாகியிருக்கக் கூடும். பார்ப்பதற்குத் தீக்குச்சி கொளுத்துதல் உயிருக்கு ஆபத்தானது.
* பெட்ரோல் குழாய்த் திருகி: கார்புரேட்டர் வண்டிகளில் இது மூடிய நிலையில் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைவாக இருப்பின் ரிசர்வ் நிலைக்குத் திருப்ப வேண்டும்.
* பக்கத் தாங்கி: சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் பல புதிய வண்டிகள் தொடங்குவதில்லை. தாங்கி ஏறியிருந்தும், அதன் சொடுக்கியில் சேறு படிந்திருந்தால் அதே விளைவு ஏற்படும்.
* கியரும் கிளட்சும்: நடுநிலை விளக்கு எரிகிறதா எனப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் நடுநிலையிலும் கிளட்ச் பிடியை அழுத்தினால்தான் மின்தொடக்கி இயங்கும்.
* சாய்வு உணரி: உட்செலுத்தல் வண்டி கீழே விழுந்தால் இவ்வுணரி பொறியை நிறுத்திவிடும். வண்டியை நிமிர்த்தி, சாவியை அணைத்து மீண்டும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.
* உருகி: சாவியைத் திருப்பியும் எந்த விளக்கும் எரியாவிட்டால் பேட்டரியருகே உள்ள உருகி (ஃபியூஸ்) அறுந்திருக்கலாம். அதே ஆம்பியர் அளவுள்ள உருகியையே பொருத்த வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் மின்வடங்கள் தீப்பற்றக் கூடும்.

ஒலியைக் கொண்டு இனங்காணல்

மின்தொடக்கிப் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் ஒலி, பழுது எப்பக்கம் உள்ளது என்பதைப் பெருமளவு காட்டிவிடும்.

* ஒலியே இல்லை: சொடுக்கி, உருகி, முற்றிலும் வடிந்த பேட்டரி, கழன்ற மின்முனை ஆகியவற்றுள் ஒன்று.
* ஒரே ஒரு "டிக்" ஒலி: ரிலே இயங்குகிறது, ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் செல்லவில்லை. வலுவிழந்த பேட்டரி, துருவேறிய மின்முனை, தேய்ந்த மோட்டார் ஆகியவை காரணமாகலாம்.
* விரைவான "டிக் டிக் டிக்" ஒலி: பெரும்பாலும் பேட்டரியின் வலுக்குறைவு.
* மோட்டார் வேகமாகச் சுழலும் ஒலி, ஆனால் பொறி சுழலவில்லை: மோட்டாரையும் பொறியையும் இணைக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது.
* பொறி வழக்கம்போலச் சுழல்கிறது, ஆனால் தீப்பற்றவில்லை: சுழற்சி உள்ளது. எஞ்சியவை தீப்பொறி, எரிபொருள், அமுக்கம் ஆகிய மூன்றுமே.
* பொறி வழக்கத்தைவிட இலேசாக, தடையின்றிச் சுழல்கிறது: அமுக்கம் இல்லை.
* "டக்" என்ற ஒலியுடன் பாதியில் நின்றுவிடுகிறது, கிக்கரும் இறங்கவில்லை: பொறி இறுகியிருக்கலாம் அல்லது உருளைக்குள் நீர்மம் இருக்கலாம். இந்நிலையில் மேலும் முயலக் கூடாது.

பேட்டரி

12 வோல்ட் ஈய அமில பேட்டரி முழு மின்னேற்றத்துடன் ஓய்வில் இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் காட்டினால் அது பெரும்பாலும் வடிந்துவிட்டது எனலாம். ஆனால் ஓய்வு நிலை அளவீடு மட்டும் போதுமானதன்று. தொடக்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டே அளக்கும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி சுமையைத் தாங்கவில்லை என்று பொருள்.

மல்டிமீட்டர் இல்லாதபோது ஒலிப்பானைப் பயன்படுத்தலாம். ஹாரன் கம்மிய குரலில் ஒலித்தாலோ, தொடக்கியை அழுத்தும்போது விளக்குகள் முற்றிலும் மங்கினாலோ பேட்டரியையும் அதன் முனைகளையும் ஐயுற வேண்டும். புதிய பேட்டரி வாங்கும் முன் முனைகளில் படிந்த வெண்பச்சைப் படிவை நீக்கித் திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். முனையில் உள்ள துரு, நல்ல பேட்டரியையும் செயலிழந்ததாகக் காட்டும்.

மின்தொடக்கியை ஒருமுறையில் 5 விநாடிகளுக்கு மேல் அழுத்தக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் 10 விநாடிகளாவது இடைவெளி விட வேண்டும். தொடர்ந்து அழுத்துவது பேட்டரியை வடித்துவிடுவதோடு மோட்டாரையும் சூடேற்றிக் கெடுக்கும். அவ்வாறு வடித்துவிட்டால், முதலில் இருந்த பழுதோடு இரண்டாவது பழுது ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

தீப்பொறிச் சோதனை

பொறி நன்கு சுழன்றும் தீப்பற்றவில்லை எனில், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே மிகுந்த தகவலைத் தரும் சோதனையாகும். இதற்குப் பிளக் ஸ்பேனர் ஒன்று போதும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்ற வேண்டும். இல்லையேல் அது உருளைக்குள் விழும்.

பிளக்கின் தோற்றம் பின்வருமாறு பொருள்படும்.

* உலர்ந்து, பெட்ரோல் வாடையின்றி இருத்தல்: எரிபொருள் உருளையை அடையவில்லை.
* பெட்ரோலில் நனைந்திருத்தல்: எரிபொருள் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது எரிபொருள் அளவுமீறிப் புகுந்துவிட்டது.
* உலர்ந்த கரும் புகைக்கரி: கலவை மிகச் செறிவானது. அடைபட்ட காற்று வடிகட்டி, இழுத்தபடியே விடப்பட்ட சோக் ஆகியவை காரணமாகலாம்.
* பிசுபிசுப்பான எண்ணெய்: பிஸ்டன் வளையமோ வால்வுத்தண்டு அடைப்பானோ தேய்ந்துள்ளது.
* வெளிர் பழுப்பு நிறம்: பொறி இயங்கிய காலத்தில் கலவை சரியாக இருந்தது.

அடுத்து, பிளக்கை அதன் மூடியில் பொருத்தி, அதன் உலோக உடல் பொறியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியில் நன்கு படும்படி வைத்து, பொறியைச் சுழற்ற வேண்டும். பளிச்சென்ற நீல நிறத் தீப்பொறி "சட் சட்" என்ற ஒலியுடன் பாய்ந்தால் எரிபற்றல் அமைப்பு இயங்குகிறது. மெலிந்த மஞ்சள் தீப்பொறி வலுக்குறைவானது. திறந்த வெளியில் பாயும் மெல்லிய தீப்பொறி, உருளைக்குள் அமுக்கப்பட்ட கலவையில் பாயாமல் போகக் கூடும்.

இச்சோதனையில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவதாக, பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவருவதால், தீப்பொறியை அத்துளைக்கு அருகில் உண்டாக்கக் கூடாது. துளையைத் துணியால் மூடிவிட வேண்டும். இரண்டாவதாக, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பாய்வதால் பிளக்கின் உலோகத்தை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. மூன்றாவதாக, பிளக் உலோகத்தில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி பொறியைச் சுழற்றினால் சி.டி.ஐ. பெட்டியோ காயிலோ சேதமடையலாம்.

தீப்பொறி இல்லாதபோது மலிவானதிலிருந்து விலைமிக்கதை நோக்கிச் செல்ல வேண்டும்.

* முதலில் வேறொரு நல்ல பிளக்கைப் பொருத்திப் பார்த்தல். முனை இடைவெளி பெரும்பாலான சிறு விசையுந்துகளில் 0.6 முதல் 0.9 மி.மீ. வரை அமையும், சரியான அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கும்.
* பிளக் மூடியைக் கழற்றி, வடத்தின் நுனியைச் சிறிது வெட்டி மீண்டும் பொருத்துதல். மழையில் நனைந்த மூடி வழியாக மின்சாரம் கசிவது மழைக்காலத்தின் பொதுவான பழுது. இருட்டில் பார்த்தால் கசிவு நீலப் பொறிகளாகத் தெரியும்.
* நிறுத்து சொடுக்கி, சாவிச் சொடுக்கி ஆகியவற்றின் இணைப்புகளைப் பார்த்தல். எலி கடித்த வடங்களையும் தேட வேண்டும்.
* அதன் பிறகே காயில், பல்சர் காயில், சி.டி.ஐ. ஆகியவற்றைக் கையேட்டில் உள்ள மின்தடை அளவுகளோடு ஒப்பிடுதல்.

குளிர்ந்த நிலையில் தொடங்கும் வண்டி, சூடேறி நின்றபின் தொடங்காமல், அரை மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்கினால், சூட்டில் செயலிழக்கும் காயிலையோ பல்சர் காயிலையோ ஐயுற வேண்டும். இடைவெளி குறைந்த வால்வும் இதே அறிகுறியைக் காட்டும்.

எரிபொருள்

நல்ல தீப்பொறி இருந்தும் பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வழியை ஆராய வேண்டும். அதற்கு முன் பழுது எரிபொருளில்தான் உள்ளது என்பதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோலைப் பிளக் துளை வழியாக விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை இறுக்கிப் பொருத்திய பிறகு பொறியைச் சுழற்ற வேண்டும். பொறி சில நொடிகள் இயங்கி அணைந்தால், தீப்பொறியும் அமுக்கமும் சரியாக உள்ளன, எரிபொருள் மட்டுமே வரவில்லை என்பது தெளிவாகிறது.

கார்புரேட்டர் வண்டிகள்

பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்த்தால் ஓட்டம் தெரியும். முதலில் பாய்ந்து, பின் துளித்துளியாகி நின்று, தொட்டி மூடியைத் திறந்ததும் மீண்டும் பாய்ந்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் அணைந்து, சிறிது நேரம் கழித்துத் தானாகச் சரியாவதற்கும் இதுவே காரணமாகலாம்.

ஓட்டம் சரியாக இருப்பின் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி, உள்ளே தேங்கியதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடிக்க வேண்டும. நீர் இருந்தால் அது பெட்ரோலுக்கு அடியில் தனித்த குமிழிகளாகத் தங்கும். சில மாதங்கள் நிறுத்தப்பட்ட வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினைப் போன்ற படிவை விட்டுச் செல்லும். அது தலைமுடி அளவே உள்ள மெதுவோட்ட ஜெட்டின் துளையை அடைத்துவிடுகிறது. ஜெட்டை அழுத்தக் காற்றாலும் கார்புரேட்டர் துப்புரவு நீர்மத்தாலும் தூய்மைசெய்ய வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிக் கலவை விகிதம் நிலையாகக் கெட்டுவிடும்.

சோக் என்பது காற்றைக் குறைத்தோ கூடுதல் எரிபொருளைத் தந்தோ கலவையைச் செறிவாக்கும் அமைப்பு ஆகும். குளிர்ந்த பொறிக்கு மட்டுமே இது தேவை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தின் குளிர்ந்த காலையில் சோக் இன்றித் தொடங்காத வண்டி, சென்னையின் கோடையில் சோக்கை இழுத்தால் தொடங்காமல் போகலாம்.

எரிபொருள் அளவுமீறல்

தொடர்ந்து கிக் அடித்தும் சோக்கை இழுத்தும் முயன்றதால் உருளைக்குள் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடுவது எரிபொருள் அளவுமீறல் ஆகும். பணிமனைகளில் இது "ஓவர்ஃப்ளோ" எனப்படுகிறது. இந்நிலையில் சோக்கை முழுவதும் விலக்கி, பெட்ரோல் திருகியை மூடி, ஆக்சிலேட்டரை முழுமையாகத் திருகியபடி சில முறை கிக் அடித்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறும். அப்போதும் தொடங்காவிட்டால் பிளக்கைக் கழற்றி உலர்த்த வேண்டும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருந்தால், மிதவையோ அதன் ஊசி வால்வோ அடைக்காமல் நிற்கிறது.

உட்செலுத்தல் வண்டிகள்

சாவியைத் திருப்பியதும் தொட்டிக்குள் இருந்து இரண்டு மூன்று விநாடிகள் மெல்லிய ரீங்கார ஒலி கேட்க வேண்டும். அது பம்ப் அழுத்தத்தை உருவாக்கும் ஒலி ஆகும். ஒலி கேட்காவிட்டால் பம்ப், அதன் ரிலே, உருகி, நிறுத்து சொடுக்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் பம்பின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் அளவில் இருப்பதால், எரிபொருள் குழாயை அழுத்தத்தை விடுவிக்காமல் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும்.

பொறி எச்சரிக்கை விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து பின் அணைய வேண்டும் அல்லது பொறி தொடங்கியதும் அணைய வேண்டும். அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் விட்டு விட்டு ஒளிர்ந்தால், கணினி ஒரு பழுதுக் குறியீட்டைத் தெரிவிக்கிறது. ஒளிர்வுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு பணிமனையில் தெரிவித்தால் தேடும் வேலை குறையும். இவ்வகை வண்டிகளை எப்போதும் பெட்ரோல் தீரும் வரை ஓட்டுவது பம்புக்குக் கேடு. பம்பைக் குளிர்விப்பதும் அதற்கு உயவிடுவதும் அந்தப் பெட்ரோலே.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. போதிய நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பொறிக்குச் செல்லும் குழாய் அடிப்பகுதியிலிருந்தே எடுப்பதால், தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி தொடங்காது. இவ்வாறு பிரிந்த எரிபொருளைக் கலக்கிப் பயன்படுத்த முடியாது. முழுவதும் வடித்துவிட வேண்டும்.

அமுக்கம்

தீப்பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தும் பொறி தொடங்காவிட்டால் அமுக்கத்தைச் சோதிக்க வேண்டும். சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அழுத்தி மூடியபடி கிக்கரை மிதித்தால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிவர வேண்டும். விரல் அசையாமல் நின்றால் அமுக்கம் இல்லை. அழுத்தமானியால் அளக்கும்போது, நல்ல நிலையிலுள்ள பல சிறு பொறிகளில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 13 கிலோகிராம் வரை இருக்கும். தானியங்கி அமுக்கக் குறைப்பி உள்ள பொறிகளில் அளவீடு இதைவிடக் குறையும்.

அமுக்கம் எங்கே கசிகிறது என்பதை அறிய, ஒரு தேக்கரண்டி பொறி எண்ணெயைப் பிளக் துளை வழியாக விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டன் வளையங்களைச் சுற்றி அடைப்பதால் அளவு உயர்ந்தால் வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளன. உயராவிட்டால் கசிவு வால்வுகளிலோ உருளைத்தலை அடைப்பிலோ உள்ளது.

பொறியைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியது "டேப்பெட்" எனப்படும் வால்வு இடைவெளி ஆகும். பல 100 சி.சி. வண்டிகளில் இது 0.05 முதல் 0.10 மி.மீ. வரையே இருக்கும். வால்வின் இருக்கை தேயத் தேய இவ்விடைவெளி குறைந்து, இறுதியில் வால்வு முழுமையாக மூடாமல் நின்றுவிடும். ஃபீலர் கேஜ் கொண்டு சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய இக்குறை, பொறி முழுவதையும் பிரிக்கும் செலவுக்கு வழிவகுத்துவிடக் கூடும்.

இருவீச்சுப் பொறிகள்

1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இருவீச்சு வண்டிகளில் இடைவெளி சரிசெய்ய வேண்டிய வால்வுகள் இல்லை. பெட்ரோலுடன் எண்ணெயும் எரிவதால் பிளக் கரிபடிவது இவற்றின் முதன்மைப் பழுது. எனவே மாற்றுப் பிளக் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பது இவற்றை ஓட்டுவோரின் வழக்கம். கலவை முதலில் வணரிப்பெட்டிக்குள் இறுக்கப்பட்டே உருளைக்குச் செல்கிறது. ஆகையால் வணரித்தண்டின் ஓரத்திலுள்ள எண்ணெய் அடைப்பான் தேய்ந்தால், மேலே அமுக்கம் சரியாக இருந்தும் வண்டி தொடங்காது. புகைக்குழாயில் கரி அடைத்துக்கொள்வதும் இவற்றில் மிகுதி.

பழைய புல்லட்

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உற்பத்தியான ராயல் என்ஃபீல்டு புல்லட், தொடக்குவதற்குத் தனி முறை தேவைப்படும் வண்டியாக அறியப்பட்டது. 1955 ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. அதன் வார்ப்பிரும்புப் பொறி 2000 களின் இறுதி வரை உற்பத்தியில் இருந்தது.

பாயிண்ட் அமைப்புள்ள புல்லட்டில் பிஸ்டனின் நிலையை அம்மீட்டர் முள் காட்டும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, தொடுமுனைகள் மூடியிருக்கும்வரை முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அமுக்க வீச்சின் முடிவை நெருங்கித் தொடுமுனைகள் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். அப்போது அமுக்கக் குறைப்பி நெம்புகோலை இழுத்து, பிஸ்டனை மேல்நிலையிலிருந்து சற்றே தாண்டவிட்டு, நெம்புகோலை விட வேண்டும். பின்னர்க் கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கும் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும்.

இம்முறையைப் பின்பற்றாமல் பாதி மிதியில் விடும்போது, பிஸ்டன் மேல்நிலையை அடையும் முன்பே கலவை தீப்பற்றிப் பொறி எதிர்த்திசையில் சுழலக் கூடும். கிக்கர் காலைத் திருப்பியடிக்கும் இந்நிகழ்வால் கணுக்காலும் முழங்காலும் காயமடைந்தோர் உண்டு. முழங்காலை விறைப்பாக வைக்காமல், காலணியுடன் மிதிப்பது பாதுகாப்பானது. முறையாக மிதித்தும் தொடங்காத புல்லட்டில் பாயிண்டைத் தூய்மைசெய்து, அதன் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. அளவில் அமைப்பது முதல் பணியாகும்.

நீரில் மூழ்கிய விசையுந்து

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான இருசக்கர வண்டிகள் நீரில் மூழ்கின. இத்தகைய வண்டிகளைத் தொடக்க முயல்வதே அவற்றுக்கு நேரும் பெரும் கேடு ஆகும்.

காற்று அமுங்கும், நீர் அமுங்குவதில்லை. உருளைக்குள் நீர் இருக்கும்போது பொறியைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி நிற்க, இணைப்புத்தண்டு வளையும் அல்லது முறியும். வெள்ளம் வடிந்தபின் தூய்மைசெய்து சரியாக்கியிருக்கக்கூடிய பொறி, ஒரேயொரு முறை தொடக்கியை அழுத்தியதால் பயனற்றதாகிவிடலாம். எனவே பின்வரும் வரிசை பின்பற்றப்பட வேண்டும்.

* சாவியைத் திருப்பாமல், பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுதல்.
* பிளக்கைக் கழற்றி, பிளக் இல்லாத நிலையில் கிக்கரையோ பின்சக்கரத்தையோ கொண்டு மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்றுதல்.
* பொறி எண்ணெயைப் பார்த்தல். பால் கலந்த தேநீர் போன்ற நிறம் எண்ணெயில் நீர் கலந்ததைக் காட்டும். அதை வடித்து, வடிகட்டியையும் மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றுதல். சிறிது நேரம் இயங்கிய பிறகு மீண்டும் ஒருமுறை மாற்றுதல்.
* தொட்டி, கார்புரேட்டர், காற்று வடிகட்டி, புகைக்குழாய் ஆகியவற்றிலுள்ள நீரை அகற்றுதல்.
* மின் இணைப்புகளைப் பிரித்து உலர்த்துதல்.
* இவை முடிந்த பின்னரே தொடக்க முயலுதல்.

வழியில் நின்றுவிட்டால்

பேட்டரி வடிந்த வண்டியைத் தள்ளித் தொடக்கலாம். சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் இட்டு, கிளட்ச் பிடியை அழுத்தியபடி தள்ளி, ஓட்ட வேகம் வந்ததும் பிடியைச் சட்டென விட வேண்டும். பொறி பற்றியதும் மீண்டும் பிடியை அழுத்த வேண்டும். முதல் கியரில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடும் என்பதால் இரண்டாம் கியர் ஏற்றது. போக்குவரத்து உள்ள சாலையில் இதைச் செய்யக் கூடாது. உட்செலுத்தல் வண்டியில் பேட்டரி முற்றிலும் வடிந்திருந்தால் பம்பும் கணினியும் இயங்காததால் தள்ளுவதால் பயன் இருக்காது.

வேறொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இணைக்கும்போது, நேர்முனைகளை முதலில் இணைத்து, எதிர்முனை வடத்தின் இறுதி நுனியைப் பழுதான வண்டியின் பொறி உலோகத்தில் இணைக்க வேண்டும். ஈய அமில பேட்டரி ஐதரசன் வளிமத்தை வெளியிடுவதால் கடைசி இணைப்பின் பொறி அதனருகே பறக்காமலிருக்க இவ்வாறு செய்யப்படுகிறது. மகிழுந்தின் பேட்டரியைப் பயன்படுத்தினால் மகிழுந்தின் பொறி அணைந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு

* பெட்ரோலைக் கையாளும் இடத்தில் புகைபிடித்தலும் திறந்த சுடரும் கூடாது. வடித்த பெட்ரோலை மூடியுள்ள கலத்தில் தொலைவில் வைக்க வேண்டும்.
* மூடிய அறையில் பொறியை இயக்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு.
* சூடான புகைக்குழாயும் உருளைத்தலையும் தீக்காயம் உண்டாக்கும். அலுமினிய உருளைத்தலையில் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையும் சேதமடையலாம்.
* பிளக்கை மீண்டும் பொருத்தும்போது முதலில் கையால் திருக வேண்டும். மரை மாறி ஏறினால் உருளைத்தலையே பழுதாகும்.

தடுப்பு

நெடுநாள் நிறுத்தப்படும் வண்டியில் கார்புரேட்டரை வடித்துவிடுவதும், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பதும் மீண்டும் தொடக்குவதை எளிதாக்கும். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் மட்டும் இயக்கி அணைப்பது பயன் தராது. தொடக்கி எடுத்த மின்னேற்றம் அந்நேரத்தில் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. பொறி நன்கு சூடேறும் வரை வண்டியை ஓட்டுவதே ஏற்றது. பிளக், காற்று வடிகட்டி, வால்வு இடைவெளி ஆகியவற்றைக் கையேட்டில் கூறிய கால இடைவெளியில் கவனித்தால், இங்கே கூறப்பட்ட பழுதுகளில் பெரும்பாலானவை தோன்றுவதற்கு முன்பே தவிர்க்கப்படும்.

இவற்றையும் பார்க்க

* விசையுந்து
* உள் எரி பொறி
* நான்கு வீச்சுப் பொறி
* இருவீச்சுப் பொறி
* கார்புரேட்டர்
* ஈய அமில மின்கலம்